குப்பைத்தொட்டியை உற்றுப் பார்த்தவர்: யோஷினோரி ஓசுமியின் ஆய்வு வாழ்க்கை

1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோமாபா வளாகத்தில் யோஷினோரி ஓசுமி இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 43. தனக்கென்று ஓர் ஆய்வகம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கோமாபா என்பது இளநிலை மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் பொதுப்பாடம் படிக்கும் வளாகம். பெரிய ஆய்வுக்குழுக்கள் தேடிப் போகும் இடமல்ல. 28 ஆண்டுகள் கழித்து, 2016 அக்டோபர் 3 அன்று, மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. பரிசை யாரோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அறிவியல் நோபல்களில் இப்போதெல்லாம் இது அபூர்வம்.

பரிசு எதற்கு என்று கேட்டால், 'ஆட்டோஃபேஜியைக் கண்டுபிடித்ததற்கு' என்றுதான் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. ஒரு செல் தன் உடலின் பகுதிகளையே ஒரு சவ்வுப் பையில் சுருட்டி எடுத்துச் செரித்துக்கொள்கிறது என்பது ஓசுமி கல்லூரிக்குள் நுழைந்த 1963-ஆம் ஆண்டிலேயே தெரிந்த சங்கதி. செல்லின் செரிமானப் பையான லைசோசோமைக் கண்டுபிடித்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் அந்த ஆண்டுதான் இந்த நிகழ்வுக்கு ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தார். அதற்கும் முன்பே எலியின் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே இதைப் பார்த்தவர்கள் உண்டு. பெயர் இருந்தது, படங்கள் இருந்தன. இதை எந்த மரபணு நடத்துகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மரபணு தெரியாவிட்டால் ஒரு நிகழ்வை நிறுத்திப் பார்க்க முடியாது. நிறுத்திப் பார்க்க முடியாவிட்டால் அது உடலுக்கு எதற்குத் தேவை என்று நிரூபிக்கவும் முடியாது. சுமார் முப்பது ஆண்டுகள் இந்தத் துறை அந்த இடத்திலேயே நின்றது. அந்த முட்டுக்கட்டையை எடுத்ததுதான் ஓசுமியின் சாதனை. எடுத்த விதத்தைப் பார்த்தால் அவருடைய வாழ்க்கையின் மந்தமான முன்பாதியும் புரியும்.

மெதுவாகப் போன ஆண்டுகள்

ஓசுமி 1945 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் பிறந்தார். அப்பா கியூஷு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கப் போனவர், அங்கே உயிரியலின் பக்கம் திரும்பி, கசுதோமோ இமாஹோரியிடம் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்து ஆய்வு செய்தார். 1974-இல் முனைவர் பட்டம். ஜப்பானில் நல்ல வேலை அமையாததால் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஜெரால்டு எடெல்மனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். எடெல்மன் 1972-இல் நோபல் வாங்கியவர். ஆனால் ஓசுமியிடம் தரப்பட்ட வேலை எலியின் கருமுட்டையைச் சோதனைக்குழாயில் கருவுறச் செய்வது. பாக்டீரியாவிலேயே காலம் கழித்தவருக்குக் கரு வளர்ச்சி பற்றிய அடிப்படையே தெரியாது. அந்த நாட்களில் மிகவும் சோர்ந்துபோனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு அதே ஆய்வகத்துக்கு வந்த மைக் ஜஸ்வின்ஸ்கியோடு சேர்ந்து ஈஸ்டில் டிஎன்ஏ பெருக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஈஸ்ட் அவர் கைக்கு வந்தது அப்படித்தான். அதன்பின் அவர் அதை விடவேயில்லை.

அங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஈஸ்ட் செல்களை உடைத்து உட்கருவைத் தனியே பிரிக்க மையவிலக்கியில் சுற்றுவார்கள். வேண்டிய உட்கரு கீழே தங்கும். குழாயின் உச்சியில் வெண்மையாக ஒரு படலம் மிதக்கும். கொட்டிவிட வேண்டிய பகுதி அது. ஓசுமி அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சுத்தமான வேக்குவோல்கள்! ஈஸ்ட் செல்லில் வேக்குவோல்தான் ஆகப் பெரிய உறுப்பு. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரியும். அந்தக் காலத்தில் அதைச் செல்லின் குப்பைத்தொட்டி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

1977-இல் டோக்கியோ திரும்பி யசுஹிரோ அன்ராகுவின் ஆய்வகத்தில் உதவியாளரானார். அடுத்த பத்தாண்டுகளும் வேக்குவோல் சவ்வின் வழியே அமினோ அமிலங்களும் அயனிகளும் எப்படிக் கடத்தப்படுகின்றன என்ற ஆய்வுதான். திடமான வேலை, உலகம் திரும்பிப் பார்க்காத வேலை. நம் பல்கலைக்கழகங்களில் கட்டுரைகளை எண்ணிப் புள்ளி போடும் குழு எதுவும் 1987-இல் அவருடைய கோப்பைப் பிரித்திருந்தால், பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்தப் பத்தாண்டுகளை வீண் என்று தள்ளிவிட முடியாது. வேக்குவோல் எப்படி இருக்கும், எப்போது வீங்கும், எப்போது சுருங்கும் என்பது அவருடைய கண்ணுக்குப் பழகியிருந்தது. அடுத்து நடந்ததற்கு அந்தப் பழக்கமே முதலீடு.

ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம்

சொந்த ஆய்வகம் கிடைத்ததும் ஓசுமி கேள்வியை மாற்றினார். கடத்தல் ஆய்வில் ஏற்கெனவே பலர் இருந்தார்கள். கூட்டமாக ஓடும் பந்தயத்தில் தனக்கு ஆர்வமில்லை என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேக்குவோலுக்குள் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் நிறைய இருக்கின்றன. அவை எதைச் சிதைக்கின்றன? செல்லின் புரதங்கள் வேக்குவோலுக்குள் போகின்றனவா? போனால் எந்த வழியாக?

நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் ஈஸ்டைப் போட்டால் அது பட்டினி கிடந்து வித்துகளை உருவாக்கும். புதிய புரதங்கள் கட்ட வேண்டும், வெளியிலிருந்தோ நைட்ரஜன் வரவில்லை. ஆக உள்ளிருப்பதைத்தான் உடைத்தாக வேண்டும். வேக்குவோலுக்கு ஏதாவது வேலை இருக்குமென்றால் அது அந்த நேரத்தில்தான் தெரிய வேண்டும். இதுவரை யாரும் யூகித்திருக்கக்கூடியது. ஓசுமியின் கெட்டிக்காரத்தனம் அடுத்த அடியில் இருந்தது. செரிமானம் ஒழுங்காக நடந்தால் உள்ளே போன பொருள் உடனே கரைந்துவிடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் செரிக்கும் நொதிகளே இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். அத்தகைய பிறழ்வினங்களை எலிசபெத் ஜோன்ஸ் போன்ற மரபியலாளர்கள் அமெரிக்காவில் முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள். அவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டிய அவசியமிருக்கவில்லை.

நுண்ணோக்கியில் அவர் பார்த்தது 1992-இல் 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி'யில் வெளியான கட்டுரையில் இருக்கிறது. பட்டினி தொடங்கி ஒரு மணி நேரத்தில் வேக்குவோலுக்குள் சில உருண்டைகள் தென்படுகின்றன. ஒரு நொடிகூட நிற்காமல் அங்குமிங்கும் துள்ளுகின்றன. நேரம் ஆக ஆக எண்ணிக்கை கூடுகிறது. மூன்று மணி நேரத்தில் வேக்குவோல் முழுக்க உருண்டைகள். வேக்குவோலும் பருத்துவிடுகிறது. ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தின் மிசுசு பாபா எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒவ்வோர் உருண்டையையும் மெல்லிய ஒற்றைச் சவ்வு போர்த்தியிருந்தது. உள்ளே ரைபோசோம், மைட்டோகாண்ட்ரியா என்று செல்சாறு அப்படியே. டி டூவ் பாலூட்டிகளில் பார்த்துப் பெயரிட்ட அதே நிகழ்வு ஈஸ்டிலும் நடக்கிறது என்பது அதோடு உறுதியானது. செல்சாற்றில் முதலில் இரட்டைச் சவ்வுப் பை உருவாகிறது, அதன் வெளிச்சவ்வு வேக்குவோலோடு கலக்க, உள்சவ்வோடு உருண்டை உள்ளே விழுகிறது என்ற முழு வரிசையையும் பாபாவும் ஓசுமியும் அடுத்த சில ஆண்டுகளில் படம்பிடித்தார்கள்.

விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் ஒளி நுண்ணோக்கியில் பார்த்த ஒரு காட்சி அது. ஆனால் அந்தக் காட்சிக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. ஒரு செல்லில் ஆட்டோஃபேஜி நடக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடிந்தால், நடக்காத செல்லைத் தேடிப்பிடிக்கலாம்.

பதினைந்து மரபணுக்கள்

தேடும் வேலை மிகி சுகதா என்ற ஆய்வு மாணவியிடம் வந்தது. வேதிப்பொருளால் மரபணுக்களைத் தாறுமாறாகக் கெடுத்த ஈஸ்ட்களைப் பட்டினி போட்டு, வேக்குவோலில் உருண்டை சேராத செல் எதுவென்று நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இப்படிக் கிடைத்த முதல் பிறழ்வினம்தான் ஏபிஜி1 (ஏபிஜி என்பது ஆட்டோஃபேஜியின் சுருக்கம்). ஒன்று கிடைத்ததுமே அதன் குணத்தை ஆராய்ந்தார்கள். நல்ல உணவில் அது மற்ற ஈஸ்டைப் போலவே வளர்கிறது. பட்டினியில் மட்டும் சீக்கிரம் சாகிறது. இரண்டுமே முக்கியமான தகவல்கள். நல்ல உணவில் குறை தெரியாததால்தான் உலகெங்கும் ஈஸ்ட் மரபியல் செய்த அத்தனை பேர் கண்ணிலும் இந்த மரபணுக்கள் படாமலிருந்தன. பட்டினியில் சீக்கிரம் சாகிறது என்றால், ஒவ்வொரு செல்லாகப் பார்த்துக் கண் நோக வேண்டாம்: முதலில் பட்டினியில் சாகும் கூட்டங்களைப் பொறுக்கிக்கொண்டு, அவற்றை மட்டும் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகலாம்.

அதே வழியில் போய் 15 மரபணுக்களை இனங்கண்டார்கள். 1993-இல் வெளியான அந்தக் கட்டுரை சில பக்கங்களே நீளும். வந்தது 'ஃபெப்ஸ் லெட்டர்ஸ்' இதழில். நேச்சர், செல், சயன்ஸ் என்று பேசுபவர்கள் பெயரைக்கூட உச்சரிக்காத இதழ். ஓசுமியின் நோபலுக்கு அடிப்படையாகத் தேர்வுக்குழு எடுத்துக்காட்டிய நான்கு கட்டுரைகளில் இதுவும் ஒன்று. இதழின் தாக்கக் குறியீட்டை வைத்துக் கட்டுரையை எடைபோடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

ஒகசாகி

மரபணுக்களின் வரிசையைப் படித்தபோது பெரும்பாலானவை எதையும் போல இல்லை. ஏபிஜி1 ஒரு கைனேஸ், அதாவது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி என்று தெரிந்தது. மற்றவற்றிலிருந்து குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. 1996-இல் ஓசுமி ஒகசாகியிலுள்ள தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே அவர் சேர்த்த ஆட்கள் முக்கியம். தமோத்சு யோஷிமோரி பாலூட்டி செல்களில் தேர்ந்தவர். நொபோரு மிசுஷிமா மருத்துவம் படித்துவிட்டு வந்தவர். ஓசுமி ஈஸ்டிலேயே இருந்துகொண்டு, பாலூட்டிகளில் இந்தக் கதையைத் தொடர இவர்களுக்கு வழிவிட்டார். பின்னாளில் இருவரும் தனித்தனி ஆய்வகம் அமைத்தார்கள். துறையின் பெரும்புள்ளிகளும் ஆனார்கள்.

1998-இல் மிசுஷிமா முதல் ஆசிரியராக நேச்சரில் வந்த கட்டுரைதான் மூடியிருந்த கதவைத் திறந்தது. ஏபிஜி12 என்ற புரதம் ஏபிஜி5 என்ற புரதத்தோடு வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டவைக்கும் வேலையை ஏபிஜி7, ஏபிஜி10 இரண்டும் அடுத்தடுத்துச் செய்கின்றன. யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைச் செல் மற்ற புரதங்களில் ஒட்டும் முறையும் இதே மாதிரிதான்; ஆனால் இங்கே யூபிக்விட்டின் இல்லை, அதைப்போல நடந்துகொள்ளும் வேறொன்று. 2000-இல் இன்னொரு வியப்பு. ஏபிஜி8 இன்னொரு புரதத்தோடு அல்ல, ஒரு கொழுப்பு மூலக்கூறோடு ஒட்டுகிறது என்று இச்சிமுராவும் மற்றவர்களும் காட்டினார்கள். பையின் சவ்வில் ஒரு புரதம் எப்படிப் போய் நிற்கிறது என்ற கேள்விக்கு அதுதான் பதில். புரதத்தைக் கொழுப்போடு இந்த வழியில் கோக்கும் முறையை அதுவரை யாரும் கண்டதில்லை. இரண்டு கட்டுரைகளிலும் ஓசுமியின் மனைவி மாரிக்கோ ஓசுமியும் ஓர் ஆசிரியர். செய்திகளில் இது அநேகமாக விடுபட்டுப்போகும்.

அதே 2000-இல் யோஷிமோரியின் குழு, ஏபிஜி8-இன் பாலூட்டி உறவான எல்சி3 ஆட்டோஃபேஜி பையின் சவ்வில் நிற்கிறது என்று காட்டியது. இன்று எந்த நாட்டின் செல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனாலும் புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எல்சி3-இன் இரண்டு பட்டைகளைப் பார்க்கலாம்: மேலே கொழுப்பு ஒட்டாதது, கீழே ஒட்டியது. கீழ்ப்பட்டை தடித்தால் 'ஆட்டோஃபேஜி கூடிவிட்டது' என்று அவசரமாக எழுதிவிடுவார்கள். பைகள் நிறைய உருவானாலும் கீழ்ப்பட்டை தடிக்கும். உருவான பைகள் செரிக்கப்படாமல் தேங்கினாலும் தடிக்கும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே அமெரிக்க ஆய்வாளர் டேனியல் கிளியான்ஸ்கி முன்னின்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார். 2016 பதிப்பில் ஆசிரியர்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். மேற்கோள் எண்ணிக்கை மலைபோல் குவிந்தது. இதை வைத்து யாருடைய 'தாக்கத்தை' எப்படி அளப்பது என்று தெரியவில்லை!

போட்டியாளர்கள்

இந்த மரபணுக்களை ஓசுமி மட்டும் தேடவில்லை. ஜெர்மனியில் மைக்கேல் தும் 1994-இல் தனியாக ஒரு தொகுதியைக் கண்டுபிடித்து ஏயூடி என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் கிளியான்ஸ்கி தேடியதே வேறொன்று: ஒரு நொதி செல்சாற்றிலிருந்து வேக்குவோலுக்கு நேரடியாகப் போகும் பாதை. அவர் பிடித்த சிவிடி மரபணுக்களைச் சரிபார்த்தபோது பாதிக்கு மேல் ஏபிஜியோடு ஒத்துப்போயின. ஒரே மரபணுவுக்கு மூன்று ஊரில் மூன்று பெயர். 2003-இல் எல்லாரும் உட்கார்ந்து ஏடிஜி என்ற ஒரே பெயருக்கு ஒப்புக்கொண்டார்கள். மேலே சொன்ன ஏபிஜி5-தான் இன்றைய ஏடிஜி5. 1998-ஆம் ஆண்டு நேச்சர் கட்டுரையில் கிளியான்ஸ்கியும் இணை ஆசிரியர் என்பதைப் பார்த்தால், போட்டி எவ்வளவு நாகரிகமாக நடந்தது என்பது விளங்கும்.

அப்படியானால் நோபல் ஒருவருக்கே போனது நியாயமா? இந்தக் கேள்வி துறைக்குள் எழாமல் இல்லை. விதிப்படி மூவர் வரை பங்கிடலாம். மிசுஷிமாவையோ கிளியான்ஸ்கியையோ சேர்த்திருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். என் கணிப்பில் குழு முதல் அடியைத்தான் பார்த்தது. 1992-உம் 1993-உம் இல்லாவிட்டால் மற்றவர்கள் வேறு வழியாக வந்து சேர்ந்திருப்பார்கள், ஆனால் பல ஆண்டுகள் தாமதமாக. காட்சியும் மரபணுப் பட்டியலும் ஒரே சின்ன ஆய்வகத்திலிருந்து ஓராண்டு இடைவெளியில் வந்தன.

மனித உடலில்

ஈஸ்ட் மரபணுக்கள் மனிதரிலும் இருந்ததால்தான் இந்த வேலை மருத்துவ நோபல் வரை போனது. 2004-இல் மிசுஷிமாவின் குழு ஏடிஜி5 இல்லாத எலிக்குட்டிகளை உருவாக்கியது. குட்டிகள் பார்வைக்கு நன்றாகத்தான் பிறந்தன. ஒரு நாளுக்குள் இறந்தன. தொப்புள்கொடி அறுந்து, தாய்ப்பால் கிடைக்கும் வரை உள்ள சில மணி நேரம் குட்டிக்கு உண்மையான பட்டினி. அந்த நேரத்தைத் தன் உடலையே கொஞ்சம் செரித்துத்தான் குட்டி கடக்கிறது. 2006-இல் மிசுஷிமாவின் குழுவும் கெய்ஜி தனகாவின் குழுவும் நரம்புச் செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜியை நிறுத்தின. அந்த எலிகளை யாரும் பட்டினி போடவில்லை. ஆனாலும் நரம்புகளில் புரதக்கட்டிகள் சேர்ந்து, எலிகள் நடை தடுமாறின. ஆட்டோஃபேஜி பஞ்சகாலத்துக்கு மட்டுமான ஏற்பாடல்ல, அன்றாடத் துப்புரவும் கூட என்பது அங்கே தெரிந்தது. 2007-இல் குடல் அழற்சி நோயான கிரோன்ஸ் நோய்க்கும் ஏடிஜி16எல்1 மரபணுவுக்கும் தொடர்பு காட்டப்பட்டது. பார்க்கின்சன் நோயில் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் வழி பற்றிய ஆய்வுகள் 2008 முதல் குவிந்தன.

புற்றுநோயில் கதை இவ்வளவு நேராக இல்லை. பெத் லெவின் 1999-இல் பெக்லின்1 என்ற மரபணு கட்டிகளைத் தடுப்பதாகக் காட்டினார். ஆனால் வளர்ந்துவிட்ட கட்டி ஆட்டோஃபேஜியைத் தன் பிழைப்புக்கே பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் ஆட்டோஃபேஜியைத் தடுக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்துப் பார்த்தார்கள். இதுவரை பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இங்கேதான் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தியைத் தொட்டாக வேண்டும். 'ஏகாதசி விரதம் இருந்தால் புற்றுநோய் வராது என்று நிரூபித்த ஜப்பானியருக்கு நோபல்' என்ற வாசகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஓசுமி எந்த மனிதரையும் பட்டினி போட்டு ஆராயவில்லை. அவர் பட்டினி போட்டது ஈஸ்டை. அதிலும் உணவு முழுவதையும் எடுக்காமல் நைட்ரஜனை மட்டும் எடுத்துக்கூட ஆராய்ந்தார். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மனிதக் கல்லீரலிலும் மூளையிலும் ஆட்டோஃபேஜி எவ்வளவு கூடுகிறது என்று அளக்க எளிய இரத்தப் பரிசோதனை எதுவும் இன்று மருத்துவமனைகளில் கிடையாது. விரதம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம், அதற்குத் தனி ஆய்வுகள் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் நோபல் பெயரைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினால் ஆபத்தில்தான் முடியும்.

பரிசுக்குப் பிறகு

2012-இல் கியோட்டோ பரிசு, 2015-இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது, பிறகு நோபல். அந்த மேடைகளை எல்லாம் ஓசுமி ஒரே குறையைச் சொல்லப் பயன்படுத்திக்கொண்டார்: 'இது எதற்குப் பயன்படும்' என்று முதல் நாளே கேட்கிற நிதிமுறையில் அடிப்படை ஆய்வு பிழைக்காது, ஜப்பானில் இளம் ஆய்வாளர்களின் நிலை மோசமாகிக்கொண்டு போகிறது. தான் வேக்குவோலைத் தொட்டபோது புற்றுநோயோ பார்க்கின்சனோ தன் மனதில் இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். 2017-இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, அடிப்படை உயிரியலுக்கு நிதி கொடுக்க ஏற்பாடு செய்தார். அரசு செய்ய வேண்டியதைப் பரிசு வாங்கியவர் கைக்காசிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

2009 முதல் அவர் இருந்தது டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில். அங்கேயும் ஈஸ்ட்தான். ஏடிஜி புரதங்கள் வேக்குவோலின் பக்கத்தில் ஒரு புள்ளியில் வந்து கூடி அங்கிருந்து பையைக் கட்டத் தொடங்குகின்றன என்பதை ஒகசாகியில் 2001-இலேயே அவர் குழு பார்த்திருந்தது. அந்தப் புள்ளி எதனால் ஆனது என்பது மட்டும் பிடிபடாமலே இருந்தது. 2020-இல் நொபுவோ நோடாவின் குழு அதற்கு விடை சொன்னது: சவ்வு எதுவும் சுற்றியிராமல், புரதங்கள் தாமாகவே திரண்டு நிற்கும் ஒரு திரவத்துளி. அந்த நேச்சர் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் 75 வயது ஓசுமியின் பெயரும் இருக்கிறது.